பிள்ளை மனத்தில் ஏற்கெனவே ஒரு பௌதிகம்!

பெற்றோர்களே, முதலில் உங்களுக்கே ஒரு கேள்வி.

சுங்கை வே வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானங்கள் புதியவை அல்ல. சுபாங் விமான நிலையம் 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதிலிருந்து அவற்றின் இரைச்சலைக் கேட்டே வளர்ந்தவர்கள் இங்கே பலர். நேராகவும் ஒரே வேகத்திலும் பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானத்தின் அடியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு நழுவி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை மறந்துவிடுங்கள். குண்டு தரையைத் தொடும் நொடியில் விமானம் எங்கே இருக்கும்? குண்டைத் தாண்டி வெகுதூரம் முன்னால் போயிருக்குமா? அல்லது குண்டுக்கு நேர் மேலேயே இருக்குமா?

படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு ஒரு விடையை முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் படிவம் 4, 5 படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். சரி, தவறு என்று எதுவும் சொல்லாமல், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

"விமானம் முன்னால் போய்விடும், குண்டு நேரே கீழே விழும்" என்பது உங்கள் விடையா? அப்படியானால் உங்களுக்குத் துணை நிறையவே உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்ளாஸ்கி என்ற உளவியல் அறிஞர் இதே மாதிரியான கேள்வியைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, 1983ஆம் ஆண்டில் அந்த ஆய்வை விவரித்து எழுதினார். பாதிப் பேருக்கு மேல் தவறாகவே வரைந்து காட்டியிருந்தார்கள்.

சரியான விடை: விமானம் குண்டுக்கு நேர் மேலே இருக்கும். நழுவுவதற்கு முன் குண்டும் விமானத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது அல்லவா? பிடி விட்டுப்போனதால் மட்டும் அந்த முன்னோட்டம் மறைந்துவிடாது. குண்டு கீழே விழுந்துகொண்டே முன்னாலும் போகும். அசல் வானத்தில் காற்று தடுப்பதால் சற்றுப் பின்தங்கும், அவ்வளவுதான்.

நம்ப முடியவில்லையா? வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். பிள்ளையின் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, நிற்காமல் வேகமாக நடந்து வந்து அந்த வட்டத்துக்குள் பந்தை விழவைக்கச் சொல்லுங்கள். எறியக் கூடாது, கையை விடத்தான் வேண்டும். அநேகமாகக் கை வட்டத்துக்கு நேர் மேலே வந்ததும் பந்தை விடுவான். பந்து வட்டத்தைத் தாண்டிப் போய் விழும். இரண்டு மூன்று முறை தவறிய பிறகு, வட்டத்துக்கு முன்பாகவே கையை விடத் தொடங்குவான். கை கற்றுக்கொண்டுவிட்டது. மனம் கற்றுக்கொள்ளத்தான் கொஞ்சம் நாளாகும்.

வகுப்புக்கு வருமுன்பே வந்துவிட்ட பாடம்

நம்மில் பலர் பிள்ளையின் மனத்தைக் காலிப் பானை என்று நினைக்கிறோம். ஆசிரியர் ஊற்றினால் நிரம்பும், நிரம்பாவிட்டால் பானையில் ஓட்டை! ஆனால் பௌதிகம், அதாவது இன்றைய பாடப்புத்தகம் இயற்பியல் என்று சொல்லும் பாடம், படிவம் 4இல் தொடங்குவதில்லை. தவழும் வயதில் கிண்ணத்தைத் தட்டிவிட்ட நாளிலிருந்தே குழந்தை உலகத்தைப் பார்த்துத் தானாக ஒரு பௌதிகத்தைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். கனமானது வேகமாக விழும். கம்பளி சூடு கொடுக்கும். இரும்பு குளிர்ச்சியானது. இவற்றை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் கண்ணாலும் கையாலும் கண்டது. அதனால்தான் அவ்வளவு எளிதில் விட்டுப்போவதும் இல்லை.

இது கெட்டிக்காரத்தனம் சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். எரிக் மசூர் என்பவர் அங்கே 1984 முதல் பௌதிகம் கற்பித்தவர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையெல்லாம் போட்டார்கள். தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கினார்கள். 1990ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தார். அரிசோனாவில் இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டனஸ் என்ற இருவர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. சூத்திரம் எதுவும் தேவைப்படாத, சாதாரணப் பேச்சில் அமைந்த கேள்விகளை அவர்கள் மாணவர்களிடம் கொடுத்திருந்தார்கள். பௌதிக வகுப்பு முழுவதும் முடிந்த பிறகும் பழைய எண்ணங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன என்பது அவர்கள் கண்டது.

தம் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு மசூரும் அதே கேள்விகளைக் கொடுத்தார். உடனே ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி விடை எழுதுவதா, நாங்கள் உள்ளபடி நினைப்பதை எழுதுவதா என்ற பொருள்படக் கேட்டாராம்!

ஒரு மாதிரிக் கேள்வி: கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லோரியும் ஒரு சின்னக் கஞ்சில் காடியும் மோதிக்கொள்கின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? லோரிதான் என்று சொல்லாதவர் அபூர்வம். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதியை எல்லாரும் ஒப்பிக்கிறார்கள்: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. இரண்டு விசையும் சமம்தான். காடி நசுங்குவதற்குக் காரணம், அதன் பொருண்மை குறைவு. அதே விசை அதன் ஓட்டத்தை அதிகமாக மாற்றிவிடுகிறது. விதி நாக்கில் இருக்கிறது, லோரி மனத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

நம் தோட்டத்துப் பிள்ளை பௌதிகத்தில் தடுமாறினால், "இவனுக்கு மண்டையில் ஏறாது, கலைப்பிரிவில் போடுங்கள்" என்று பேச்சு வருகிறது. ஹார்வர்டு மாணவனுக்கு வந்த அதே தடுமாற்றம்தான் அவனுக்கும் வந்திருக்கிறது. அவனைப் பிரிவு மாற்றுவதற்கு முன் அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று யாராவது கேட்டார்களா?

அரிஸ்டாட்டிலும் கேரம் பலகையும்

தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளியவருக்குத் தெரியும்: தள்ளும் வரைதான் வண்டி போகும். கையை எடுத்தால் இரண்டு அடியில் நின்றுவிடும். ஆகவே ஓட்டத்துக்கு விசை இடைவிடாமல் வேண்டும் என்று பிள்ளை முடிவு கட்டினால் அதில் என்ன முட்டாள்தனம்? கிரேக்க நாட்டு மேதை அரிஸ்டாட்டிலே ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். உலகம் அதை மாற்றிக்கொள்ளக் கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளை நாற்பது நிமிடப் பாடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதை எப்படி அசைப்பது? தோட்டத்து மன்றத்தில் கேரம் ஆடாத பையன் இருக்கிறானா? பவுடர் போடாத பலகையில் ஸ்ட்ரைக்கர் பாதி தூரத்தில் நின்றுவிடும். பவுடர் தூவினால்? அதே சுண்டலுக்கு இன்னும் தூரம் ஓடும். "இன்னும் வழவழப்பான பலகையாக இருந்தால்?" என்று கேளுங்கள். "இன்னும் தூரம் போகும்." "உராய்வே இல்லாத, முடிவும் இல்லாத பலகையாக இருந்தால்?" இந்த இடத்தில் பையன் கொஞ்சம் யோசிப்பான். யோசிக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். "நிற்கவே நிற்காது" என்று அவன் வாயிலிருந்தே வரும்போது, கலிலியோ 400 ஆண்டுகளுக்கு முன் நடந்த பாதையில் அவன் நடந்துவிட்டான். தள்ளுவண்டியை நிறுத்தியது மண்ணின் உராய்வு. தள்ளிய கை எடுக்கப்பட்டதால் அது நிற்கவில்லை. நாம் விடாமல் தள்ளியது அந்த உராய்வை ஈடுகட்டத்தான்.

கனமானது வேகமாக விழும் என்ற எண்ணமும் இதே ரகம். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அழகான கேள்வி வைத்தார். நம் ஊர்ப் பொருள்களை வைத்தே கேட்கலாம். ஒரு தேங்காயையும் ஒரு ரப்பர்க் கொட்டையையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி மேலிருந்து போடுகிறோம். கொட்டை மெதுவாக விழுவது உண்மையானால், அது தேங்காயைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து தேங்காய் தனியாக விழுவதை விட மெதுவாக விழ வேண்டும். ஆனால் சேர்த்துக் கட்டிய பிறகு மொத்தக் கனம் கூடியிருக்கிறதே, அப்படியானால் இன்னும் வேகமாக அல்லவா விழ வேண்டும்? ஒரே எண்ணத்திலிருந்து ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு முடிவுகள்! எண்ணத்தில்தான் கோளாறு.

சந்திரனில் காற்று இல்லை. 1971 ஆகஸ்டில் அப்போல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் அங்கே ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன. அந்தப் படம் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது, பிள்ளைக்குக் காட்டலாம். காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வாசலில் இறகு மெதுவாக விழுவதும் உண்மைதான். அவன் கண் அவனை ஏமாற்றவில்லை. அங்கே காற்று என்ற மூன்றாவது ஆள் இருக்கிறது, அதைத்தான் அவன் கணக்கில் சேர்க்காமல் விட்டான்.

சுங்கை வேயில் கம்பி பொருத்திய கைகள்

இனி மின்சாரத்துக்கு வருவோம். சுங்கை வே மக்கள் இதில் உரிமையோடு பேசலாம். 1971ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக வலயச் சட்டம் வந்த பிறகு, எழுபதுகளில் இங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் இளம்பெண்கள் தொழிற்சாலைப் பஸ் ஏறி வேலைக்கு வந்தார்கள். பூதக்கண்ணாடிக்குள் கண்ணைப் பதித்து, தலைமயிரை விட மெல்லிய தங்கக் கம்பியை நகத்தளவுச் சில்லில் பொருத்துவது அவர்களில் பலருக்கு அன்றாட வேலை. இன்று அவர்கள் அம்மாக்கள், பாட்டிமார்கள். ஒரு முனை தொடாமல் போனால் அந்தச் சாமான் வேலை செய்யாது என்பதை அவர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை.

அதே வீட்டுப் பிள்ளை மின்சுற்றுப் பாடத்தில் தடுக்கி விழுகிறது! ஒரு பேட்டரி, ஒரு சின்ன டார்ச்லைட் பல்பு, ஒரே ஒரு துண்டுக் கம்பி. பல்பை எரிய வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். (இழை உள்ள பழைய மாதிரி பல்பாக இருக்கட்டும், இப்போது வரும் எல்.இ.டி. இதற்கு ஆகாது.) பல பிள்ளைகள் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்பின் அடிப்பக்கத்துக்குக் கம்பியை நீட்டிவிட்டுக் காத்திருப்பார்கள், குழாயிலிருந்து தண்ணீர் வருவதுபோல. எரியாது. பேட்டரியின் ஒரு முனை பல்பின் அடிப்புள்ளியைத் தொட வேண்டும். கம்பி மற்ற முனையிலிருந்து பல்பின் உலோகப் பக்கத்தைத் தொட வேண்டும். போகவும் ஒரு வழி, வரவும் ஒரு வழி. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற அமெரிக்க விவரணப் படத்தில், புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு நின்ற பட்டதாரிகளிடம் இதே மூன்று பொருள்களைக் கொடுத்தார்கள். அங்கேயும் எரிய வைக்க முடியாமல் விழித்தவர்கள் இருந்தார்கள். நம் சுங்கை வே அம்மாக்களிடம் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்த படிதான் இன்னும் சுவையானது. இரண்டு ஒரே மாதிரி பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப் போகிறோம். மாட்டுவதற்கு முன் கேளுங்கள்.

"எதும்மா அதிகமா எரியும்?"

"முதல்ல இருக்கிறதுதான்பா. கரண்டு முதல்ல அங்கதானே போகுது. அது சாப்பிட்டது போக மீதிதான் அடுத்ததுக்கு."

"சரி, மாட்டிப் பாரு."

இரண்டும் ஒரே அளவில் எரியும். பிள்ளை உடனே, "பல்பு சரியில்லை" என்பாள். நல்லதுதான், இரண்டு பல்புகளையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். பேட்டரியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அப்போதும் சமம்தான். இந்தத் திகைப்பு வந்த பிறகுதான் விளக்கத்துக்கு மரியாதை. சைக்கிள் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். மிதிப்பவரிடமிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி போகிறது, ஆனால் சங்கிலி தேய்ந்து குறைந்தா திரும்புகிறது? போன கண்ணிகள் அத்தனையும் சுற்றி வருகின்றன. மின்னோட்டமும் அந்தச் சங்கிலி மாதிரி. பல்பில் செலவாவது சக்தி; ஓட்டம் குறைவதில்லை.

பரிசோதனைக்கு 1.5 வோல்ட் பேட்டரி போதும். வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட்; அதன் பக்கமே போகக் கூடாது. பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேராக இணைத்து வைத்திருக்கவும் கூடாது, சூடேறிக் கையைச் சுடும்.

காண்டாக் கம்பு தெரிந்து வைத்திருந்தது

பிள்ளையின் பழைய எண்ணங்கள் எல்லாமே களை என்று பிடுங்கப் புறப்படுவதும் தவறு. அவற்றில் சில நல்ல நாற்று. அந்தக் காலத்தில் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டிச் சுமந்த நம் பாட்டிமார்கள், ஒரு வாளியில் பால் அதிகமாக இருந்தால் என்ன செய்தார்கள்? தோளைக் கனமான வாளிப் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். நெம்புகோல் தத்துவம் முழுவதும் அந்த நகர்த்தலில் இருக்கிறது: ஒரு பக்கத்துக் கனத்தையும் அதன் தூரத்தையும் பெருக்கினால் மறுபக்கத்துப் பெருக்கலுக்குச் சமமாக வேண்டும். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இப்படித் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பாலம் போடுவதில் ஓர் ஆசிரியரின் பெயர் பௌதிகம் கற்பிப்பவர்களிடையே அடிபடும். ஜிம் மின்ஸ்ட்ரல் என்பவர் அமெரிக்காவில் சியாட்டல் நகருக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தவர். 1982ஆம் ஆண்டில் தம் வகுப்பில் நடந்ததை எழுதினார். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. மேசை புத்தகத்தை மேல்நோக்கித் தள்ளுகிறதா? மாணவர்களில் பலர் சிரித்தார்கள். மேசைக்கு உயிரா இருக்கிறது தள்ளுவதற்கு? அது சும்மா குறுக்கே கிடக்கிறது, அவ்வளவுதான்.

அவர் "தள்ளுகிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. புத்தகத்தைக் கையில் ஏந்தச் சொன்னார். கை தள்ளுகிறதா? ஆமாம். புத்தகத்தைச் சுருள்வில்லின் மேல் வைத்தார். வில் அமுங்கி நின்றது; அதுவும் தள்ளுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு மேசையின்மேல் கண்ணாடி வைத்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சுவரில் விழச் செய்து, மேசைமேல் பாரம் ஏறும்போது ஒளி நகர்வதைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அளவில் மேசையும் வளைகிறது! வில்லுக்கும் மேசைக்கும் இருந்த தூரம் குறைந்துவிட்டது. லயத்து வாசலில் கிடந்த பலகை பெஞ்சில் தாத்தா உட்கார்ந்தால் அது வளைந்ததையும், எழுந்தால் நிமிர்ந்ததையும் பார்த்த பிள்ளைக்குச் சுருள்வில்கூட வேண்டாம்.

சொல்லிலும் ஒரு சிக்கல்

நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் விசை, சக்தி, பொருண்மை என்று படித்தவர்கள், இடைநிலைப்பள்ளியில் டாயா, தெனாகா, ஜிசிம் என்று மாறுகிறார்கள். 2003இலிருந்து சில ஆண்டுகள் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்திப் பார்த்தார்கள். பிறகு அதுவும் மாறியது. சொல் மாறும்போது பொருளும் குழம்புகிறது. அம்மன் கோயிலில் சக்தி வேறு, டானிக் போத்தலில் சக்தி வேறு, பாடத்தில் சக்தி வேறு. 'குவாசா' என்றால் வீதியில் அதிகாரம். பௌதிகத்தில் ஒரு நொடிக்கு எவ்வளவு சக்தி என்ற அளவு. ஒரு கிலோ அரிசி என்று கடையில் நாம் 'எடை' கேட்பது உண்மையில் பொருண்மை. அதைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் எடை ஆறில் ஒரு பங்காகும், அரிசி குறையாது.

தெனாகா நேஷனல் அனுப்பும் மாதக் கட்டண ரசீதை எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். அதில் கிலோவாட் மணி என்று இருக்கும். நாம் காசு கொடுப்பது சக்திக்கு, அதாவது தெனாகாவுக்கு. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே பாடம் இருக்கிறது.

பார்த்தால் மட்டும் போதுமா?

இத்தனை பரிசோதனைகளைச் சொன்னதும், எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். தீராது. மசூரும் அவருடைய கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்திருந்தார்கள். வகுப்பில் பரிசோதனையைச் சும்மா வேடிக்கை பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காத மாணவர்களை விடப் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியவில்லை! பார்ப்பதற்கு முன் 'இப்படித்தான் நடக்கும்' என்று தங்கள் ஊகத்தைச் சொன்னவர்கள்தான் முன்னேறினார்கள். காரணம் எளிது. பந்தயம் கட்டாதவனுக்குக் குதிரை எது வென்றால் என்ன?

ஆகவே மாணவன் முதலில் தன் விடையைச் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். சொன்னதும் கண்டதும் முரண்பட்டால் அதைப் பற்றி வாதிட வேண்டும். மசூர் தம் வகுப்பில் கடைப்பிடித்த முறையும் இதற்கு நெருங்கியதுதான்: ஒரு கேள்வி போடுவார், ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்வார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தம் கட்சிக்கு இழுக்கப் பேசுவார்கள், மறுபடி விடை சொல்வார்கள். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்குமாம். இருக்கட்டுமே! 1998ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹேக் என்ற பேராசிரியர் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். ஆசிரியர் பேச மாணவர் எழுதும் வகுப்புகளில், தொடக்கத்தில் எட்டாதிருந்ததில் சராசரியாக 100க்கு 23 பங்குதான் எட்டப்பட்டது. மாணவர்கள் பேசியும் செய்தும் படித்த வகுப்புகளில் அது 48 பங்கு.

நம் ஊர் டியூஷன் வகுப்புகள் பலவற்றில் நடப்பது என்ன? பழைய எஸ்.பி.எம். கேள்விகள், அவற்றுக்கான விடைகள், 'இந்த ஆண்டு இது வரும்' என்ற ஜோதிடம். புள்ளிகள் வேண்டியவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் வெள்ளி கட்டும் பெற்றோர் ஒன்றைக் கேட்கலாம்: "என் பிள்ளை வகுப்பில் வாய் திறந்து தவறான விடையாவது சொல்கிறதா, சார்?"

வீட்டில் வாய் அடைபடுவதற்கு நாமே காரணமாக இருப்பதும் உண்டு. "இதுகூடத் தெரியலையா? இவ்வளவு காசு கட்டிப் படிக்க வைக்கிறேனே!" என்று ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை பிள்ளை நினைப்பதைச் சொல்லாது, நாம் கேட்க விரும்புவதைத்தான் சொல்லும். உள்ளே பழைய எண்ணம் பத்திரமாக இருக்கும்.

பௌதிகம் படிக்காத தகப்பன் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? விடை தெரியாததே இங்கே வசதி. தெரிந்தவர் இடையில் புகுந்து சொல்லிவிடுவார்! இரண்டு சம அளவுப் பனிக்கட்டிகளை இரண்டு தட்டில் வையுங்கள். ஒன்றைக் கம்பளித் துணியால் நன்றாகச் சுற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். எது முதலில் கரையும்? கம்பளிக்குள் இருப்பதுதான், அது சூடு கொடுக்குமே என்று சின்னவர்கள் அடித்துச் சொல்வார்கள். எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், திறந்து கிடந்ததுதான் பெரும்பாலும் தண்ணீராகியிருக்கும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை; உள்ளிருப்பதை வெளியே விடாமலும், வெளியிலிருப்பதை உள்ளே விடாமலும் தடுக்கிறது. பனிக்கட்டியை மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைத்த பழைய ஐஸ்காரருக்கு இது தெரிந்திருந்தது.

ஒரு நாளில் எண்ணம் மாறாது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போஸ்னரும் நண்பர்களும் 1982இல் எழுதியபடி, பழைய எண்ணம் தனக்குக் கைகொடுக்கவில்லை என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். புதியது விளங்க வேண்டும். நம்பும்படி இருக்க வேண்டும். பல இடங்களில் பயன்படவும் வேண்டும். கடைசியில் சொன்னதற்குத்தான் பள்ளியில் நேரம் கிடைப்பதில்லை. ஒரே கருத்தைப் பந்தில் பார்த்து, கேரத்தில் பார்த்து, பஸ்ஸில் பார்த்து, ரயிலிலும் பார்த்தால்தான் அது பிள்ளையின் சொந்தமாகும்.

ரயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. சுங்கை வே இப்போது ஸ்ரீ செத்தியா என்று பெயர் மாறிவிட்டது. அந்தப் பெயரிலேயே கொமுட்டர் நிலையமும் இருக்கிறது. அடுத்த முறை கிள்ளான் போகும்போது, ரயில் ஒரே வேகத்தில் ஓடுகையில், உட்கார்ந்தபடியே ஓர் இருபது காசை நேர் மேலே சுண்டச் சொல்லுங்கள். கைக்கே திரும்பி வருமா, பின்னால் போய் விழுமா என்று முதலில் விடை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ரயில் நிலையத்தை நெருங்கி வேகம் குறையும் நேரத்தில் இன்னொரு முறை சுண்டட்டும். இந்த முறை நாணயம் எந்தப் பக்கம் போகும் என்பதையும், அது மேலே எழும்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.